ரீபோர் முடித்த மாருதி 800 என்ஜின் முரண்டு பிடித்தால்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழி

வீட்டு வாசலிலோ கார் ஷெட்டிலோ என்ஜினை இறக்கிப் பிரித்து, லேத் பட்டறையில் ரீபோரும் (தேய்ந்த சிலிண்டரைச் சற்றே பெரிதாகக் கடைவது) கிராங்க் கிரைண்டிங்கும் (கிராங்க் ஷாஃப்ட்டைத் தேய்த்துச் சீராக்குவது) முடித்து வாங்கி வந்து, மறுபடி நீங்களே பூட்டியிருக்கிறீர்கள். சாவியைத் திருப்பினால் ஏதோ ஒன்று சரியில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது? அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்டிருப்பது கார்புரேட்டர் வைத்த மாருதி 800. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், 68.5 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 72 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், மேலே ஒரே கேம் ஷாஃப்ட், அதைச் சுற்றவைக்க ஒரு டைமிங் பெல்ட். வீட்டில் என்ஜின் வேலை கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான என்ஜின் நம் ஊரில் இல்லை என்பேன். எடை குறைவு, சிக்கல் குறைவு, பாகங்கள் புதிதாகவும் பழையதாகவும் கிடைக்கின்றன. வேறு பெட்ரோல் கார் என்றாலும் கீழே சொல்லும் வரிசை பெரும்பாலும் பொருந்தும். அளவுகளை மட்டும் அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். லட்சம் கிலோமீட்டர் ஓடிய என்ஜினில் கோளாறு வந்தால் எது தேய்ந்தது என்று கேட்கிறோம். புதிதாகப் பூட்டிய என்ஜினில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கடைசியாக எதைக் கழற்றி மாட்டினோம்? திருப்பி மாட்டியது, மாற்றி மாட்டியது, மாட்ட மறந்தது, அளக்காமல் மாட்டியது, இந்த நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதனால் ஹெட்டை மறுபடி கழற்ற ஓடாதீர்கள். வெளியிலிருந்தே அளக்க முடிந்ததையெல்லாம் அளந்துவிட்டு அப்புறம் ஸ்பானரை எடுங்கள். ஒவ்வொரு முறை ஹெட்டைத் தூக்கும்போதும் ஒரு புது கேஸ்கெட் போகிறது.

கையில் இருக்க வேண்டியவை: ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச், கம்ப்ரஷன் கேஜ், ஆயில் பிரஷர் ஸ்விட்ச் இருக்கும் துளையில் திருகக்கூடிய பிரஷர் கேஜ், டைமிங் லைட், கொஞ்சம் பிளாஸ்டிகேஜ் (பேரிங் இடைவெளியை நசுங்கிக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை). இதில் பிரஷர் கேஜைத்தான் பலர் வாங்குவதில்லை. என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியதே அதுதான்.

கிராங்க் கையால் சுற்ற வரவில்லை

இது தெரியவேண்டிய நேரம் பூட்டிக்கொண்டிருக்கும்போதே. பிஸ்டன் எதுவும் இல்லாமல் கிராங்க்கை மட்டும் பிளாக்கில் உட்காரவைத்து, மெயின் கேப் (கிராங்க்கைப் பிளாக்கோடு பிடித்துவைக்கும் மூடி) நான்கையும் முறையான டார்க்கில் இறுக்கியபின், இரண்டு விரலால் சுழற்றினால் சுழல வேண்டும். ஒரு கேப் இறுக்கியதும் ஒரு சுற்று, அடுத்தது இறுக்கியதும் ஒரு சுற்று என்று போனால், எந்தக் கேப்பில் பிடிக்கிறது என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும். எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு கடைசியில் சுற்றிப் பார்த்தால் நான்கையும் சந்தேகப்பட வேண்டும்.

பிடித்தால் முதலில் பேரிங் ஷெல்லின் (அரைவட்டமாக வளைந்த பேரிங் தகட்டின்) முதுகைப் பாருங்கள். STD (கிரைண்ட் செய்யாத கிராங்க்குக்கானது) என்பதற்கான முத்திரையோ 0.25, 0.50 என்ற அண்டர்சைஸ் (அத்தனை மி.மீ. கிரைண்ட் செய்த கிராங்க்குக்கானது) முத்திரையோ இருக்கும். பட்டறையில் கிராங்க்கை 0.25 கிரைண்ட் செய்திருக்க, கடையில் 0.50 பேரிங் கொடுத்துவிட்டால் கேப்பை இறுக்கியதும் பூட்டுப் போட்டது போல நிற்கும். அளவு சரி என்றால் கேப்பின் எண்ணும் அம்புக்குறியும் சரியான இடத்தில், டைமிங் பெல்ட் பக்கம் பார்த்தபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். மெயின் கேப்கள் பிளாக்கோடு சேர்த்துத் துளை கடையப்பட்டவை. ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைத்தாலோ திருப்பி வைத்தாலோ வட்டம் வட்டமாக இராது. அடுத்தது, ஷெல்லின் முதுகில் ஒட்டிய தூசி, எமரி தூள், ஒரு நூல் காட்டன் வேஸ்ட். ஷெல்லின் முதுகும் அது உட்காரும் இடமும் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். எண்ணெய் தடவுவது உள்பக்கம் மட்டும்.

இதையெல்லாம் பார்த்தபின்னும் பிடித்தால் பிளாஸ்டிகேஜ் வையுங்கள். இடைவெளி பொதுவாக 0.02 முதல் 0.05 மி.மீ. வரை வர வேண்டும். அதைவிடக் குறைவாகக் காட்டினால் கிராங்க்கைப் பட்டறைக்கே திருப்பி எடுத்துப் போங்கள். ஷெல்லை எமரி தாளில் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த மெல்லிய மேல்பூச்சு போனால் பேரிங்கே போன மாதிரிதான்.

கிராங்க் மட்டும் இருக்கும்போது நன்றாகச் சுற்றியது, பிஸ்டன் போட்டபின் பிடிக்கிறது என்றால் கதை வேறு. கனெக்டிங் ராடும் அதன் கேப்பும் ஜோடி மாறியிருக்கலாம், அல்லது பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே இடைவெளி போதாமல் இருக்கலாம். ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றுவதற்கு முன் அதே சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, முனைகளுக்கிடையே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்திருக்க வேண்டும். இந்தப் போருக்கு 0.2 முதல் 0.35 மி.மீ. ஒட்டி இருப்பது நல்லது. குறைவாக இருந்தால், குளிர்ந்த என்ஜின் சுற்றும். சூடானதும் முனைகள் முட்டி, ரிங் போரைக் கீறும். பிளக் எல்லாம் கழற்றிய நிலையில், ரிங்கோடு மூன்று பிஸ்டனும் போட்ட என்ஜின் கொஞ்சம் கனமாகத்தான் சுற்றும். ஆனால் அந்தக் கனம் சுற்று முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டும்.

சுற்றுகிறது, ஓர் இடத்தில் மட்டும் முட்டி நிற்கிறது

நிற்கும் இடத்தில் பலம் போடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் பொறுமை காட்டினால் மூன்று வால்வுகளின் விலை மிச்சம்.

முதலில் ஸ்பார்க் பிளக் மூன்றையும் கழற்றுங்கள். முட்டு போய்விட்டால், ஒன்று அது வெறும் கம்ப்ரஷன், அல்லது சிலிண்டருக்குள் கூலண்டோ எண்ணெயோ தேங்கியிருக்கிறது. பிளக் துளையைத் துணியால் மூடிக்கொண்டு மெல்லச் சுற்றினால் திரவம் வெளியே வந்துவிடும்.

பிளக் இல்லாமலும் முட்டுகிறதா? வால்வு கவரைத் திறந்து, டாப்பெட் ஸ்க்ரூக்களை (வால்வை அழுத்தும் ராக்கரின் இடைவெளியைச் சரிசெய்பவை) எல்லாம் தளர்த்திவிடுங்கள். இப்போது கேம் எந்த வால்வையும் அழுத்தாது, எல்லாம் மூடியிருக்கும். மறுபடி மெல்லச் சுற்றுங்கள். முட்டு போய்விட்டால் டைமிங் பெல்ட் தவறாகப் போடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். கேம் புல்லியின் குறியையும் கிராங்க் புல்லியின் குறியையும் திரும்பச் சேர்த்து, பெல்ட்டைப் போட்டு, டென்ஷனரை இறுக்கி, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றியபின் குறிகள் மறுபடி அதே இடத்தில் வருகின்றனவா என்று பாருங்கள். டென்ஷனரை இறுக்கும்போது பெல்ட் ஒரு பல் நகர்வது அடிக்கடி நடக்கும். அதனால் சுற்றுவதற்கு முன் பார்த்த குறியை நம்பாமல், சுற்றிய பின் பார்ப்பதை நம்புங்கள்.

வால்வைத் தளர்த்தியும் முட்டுகிறது என்றால் கோளாறு கீழே இருக்கிறது, அல்லது பிளக் துளை வழியாகவோ இன்டேக் வழியாகவோ ஒரு நட்டு உள்ளே விழுந்திருக்கிறது. பிளக் துளை வழியே சின்ன விளக்கு விட்டுப் பார்த்தால் பிஸ்டன் தலையில் புதிய தழும்பு தெரியும். அப்படித் தெரிந்தால் ஹெட்டைத் தூக்குவதைத் தவிர வழி இல்லை.

ஆயில் விளக்கு அணையவில்லை

இந்த அறிகுறியோடு என்ஜினை ஓடவிடவே கூடாது. பேரிங் போக ஒரு நிமிடம் போதும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே பிரஷரை எழுப்பிவிடுவதுதான் முறை. ஆயில் ஊற்றி, ஃபில்டரையும் ஆயில் நிரப்பி மாட்டி, மூன்று பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, செல்ஃப் மோட்டாரைப் பத்துப் பத்து விநாடியாக, நடுவில் ஓய்வு விட்டுச் சுற்றுங்கள். கம்ப்ரஷன் இல்லாததால் என்ஜின் வேகமாகச் சுற்றும். பேரிங் மீது பாரமும் விழாது. சில தடவையில் விளக்கு அணைய வேண்டும்.

அணையவில்லையா? ஸ்விட்ச் வயரைக் கழற்றுங்கள். கழற்றியும் விளக்கு எரிந்தால் வயர் எங்கோ பாடியில் உரசிக்கொண்டிருக்கிறது, என்ஜினில் தப்பில்லை. கழற்றியதும் அணைந்தால் ஸ்விட்ச்சை எடுத்துவிட்டு அந்தத் துளையில் பிரஷர் கேஜைத் திருகுங்கள். கேஜ் முள் எழுந்தால் ஸ்விட்ச்தான் பழுது. முள் அசையாவிட்டால் பெரும்பாலும் பம்ப் காய்ந்திருக்கிறது.

இந்த என்ஜினில் ஆயில் பம்ப் கிராங்க்கின் முன் முனையிலேயே இருக்கிறது. கிராங்க் சுற்றினால் பம்ப்பும் சுற்றும். ஆனால் உள்ளே காற்று மட்டும் இருந்தால் அதனால் கீழிருந்து ஆயிலை உறிஞ்ச முடியாது. பூட்டும்போது பம்ப் பற்களுக்கிடையே வாஸலின் நிரப்பி மூடியிருந்தால் இந்தப் பிரச்சினையே வராது. கிரீஸ் வேண்டாம், அது கரையாது. வாஸலின் சூட்டில் கரைந்து ஆயிலோடு போய்விடும். நிரப்பாமல் விட்டிருந்தால் இப்போது கேஜ் துளை வழியாகவே ஆயில் கேனால் ஆயிலை அழுத்தி உள்ளே ஏற்றிவிட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் ஆயில் சம்ப்பை (என்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) கழற்ற வேண்டியதுதான். ஸ்ட்ரெய்னர் (ஆயிலை வடிகட்டி உறிஞ்சும் வலை) குழாய் பம்ப்போடு சேரும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா, கிள்ளுண்டு கிழிந்திருக்கிறதா? அங்கே மயிரிழை இடைவெளி இருந்தாலும் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றைத்தான் குடிக்கும். ஸ்ட்ரெய்னர் வலையில் சிலிக்கோன் பசைத் துணுக்குகள் அடைத்திருக்கின்றனவா? அதிகப் பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு தன் கூட்டில் சிக்கித் திறந்தபடி நிற்கிறதா? பிளாக்கைக் கழுவுவதற்காகக் கழற்றிய ஆயில் கேலரி பிளக் (ஆயில் ஓடும் துளையின் முனையை மூடும் அடைப்பு) திரும்பப் போடப்பட்டதா? கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிப்பது சுலபம்: சம்ப் இல்லாமல் கேஜ் துளை வழியாக ஆயிலை அழுத்தினால், பிளக் இல்லாத இடத்திலிருந்து தாரையாகக் கொட்டும். பேரிங் வழியாகச் சொட்டுச் சொட்டாக வருவது இயல்பு.

விளக்கு அணைந்துவிட்டாலே எல்லாம் நலம் என்றும் சொல்ல முடியாது. அந்த ஸ்விட்ச் மிகக் குறைந்த பிரஷரிலேயே விளக்கை அணைத்துவிடும். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு கேஜில் ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ என்ற கணக்குக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். குளிரில் நல்ல பிரஷர், சூட்டில் சரிவு என்றால் பேரிங் இடைவெளி அதிகம். ஸ்டாண்டர்டு பேரிங்கை கிரைண்ட் செய்த கிராங்க்கில் போட்டாலும் இதே அறிகுறிதான்.

இன்னொன்று: கேஜில் பிரஷர் நன்றாக இருக்கிறது, மேலே ராக்கர் பக்கம் மட்டும் காய்ந்து கிடக்கிறது. வால்வு கவரைத் திறந்துவைத்து செல்ஃப் அடித்தால் ராக்கர் ஷாஃப்ட்டில் ஆயில் ஊறுவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஹெட் கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டு ஆயில் துளையை மூடியிருக்கலாம், அல்லது ராக்கர் ஷாஃப்ட்டின் துளைகள் தவறான பக்கம் பார்த்திருக்கலாம்.

செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் என்ஜினைச் சந்தேகப்படும் முன், என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைப் பாருங்கள். என்ஜின் இறக்கிய வண்டிகளில் இதை மாட்ட மறப்பது சர்வசாதாரணம். செல்ஃப் திணறும், பிளக்கில் பொறி பலவீனமாக வரும். பேட்டரியை மாற்றிப் பணம் செலவழித்த பிறகுதான் பலர் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது என்றால் பொறி, பெட்ரோல், கம்ப்ரஷன் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி அதன் உடலை என்ஜினில் தொடவைத்துச் சுற்றினால் நீல நிறப் பொறி தெறிக்க வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. பிளக்கை வெறும் விரலால் பிடிக்கவும் கூடாது. பெட்ரோலைப் பொறுத்தவரை, கார்புரேட்டர் மாடலில் பம்ப்பைக் கேம் ஷாஃப்ட்தான் இயக்குகிறது. பம்ப்பைத் தள்ளும் சின்ன ராடு பெஞ்சிலேயே தங்கிவிட்டால் எத்தனை நேரம் சுற்றினாலும் கார்புரேட்டருக்கு ஒரு சொட்டு வராது.

பொறியும் பெட்ரோலும் இருந்தும் கார்புரேட்டர் வழியாகப் படார் என்று வெடித்தால், ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள். முதல் சிலிண்டர் என்பது டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது. அதன் பிளக் துளையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கிராங்க்கைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். விரலைக் காற்று தள்ளும்போது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். அப்படியே புல்லிக் குறி சேரும்வரை சுற்றி நிறுத்தினால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் முதல் சிலிண்டர் வயரைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அங்கிருந்து ரோட்டர் சுற்றும் திசையில் 1-3-2 என்ற வரிசை.

விரலில் காற்று தள்ளியதா என்று பார்க்காமல் புல்லிக் குறியை மட்டும் நம்பி டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டினால் அரைச் சுற்று தள்ளி உட்கார்ந்துவிட வாய்ப்பு உண்டு. நான்கு சிலிண்டர் என்ஜினில் அது எதிர் சிலிண்டர் வயரை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கும். மூன்று சிலிண்டரில் ரோட்டர் இரண்டு வயருக்கு நடுவில் நிற்கும். மூடியைக் கழற்றி இப்படி நடுவில் நிற்பதைப் பார்த்தால் வயரை மாற்றி மாற்றிச் செருகிப் பயனில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கித் திருப்பித்தான் போட வேண்டும். அது மாட்டியிருக்கும் கியர் கேஸைப் பிரித்திருந்தால், மாட்டும்போது அதற்குள் கொஞ்சம் என்ஜின் ஆயில் ஊற்ற மறக்காதீர்கள். அந்தப் பற்கள் முதல் சில நிமிடம் காய்ந்து ஓடக் கூடாது.

ஸ்டார்ட் ஆகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது

மூன்று சிலிண்டர் என்ஜின் ஐடிலிங்கில் இயல்பாகவே கொஞ்சம் ஆடும். அதை மிஸ்ஸிங் என்று நினைக்க வேண்டாம். மிஸ்ஸிங் என்றால் சைலன்சர் வாயில் கையை நீட்டிப் பார்த்தால் புகை சீராக அடிக்காமல் இடறி இடறி வரும்.

ஒவ்வொரு பிளக் வயராக எர்த் செய்து பாருங்கள். எதை எர்த் செய்தால் என்ஜினின் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. அங்கே கம்ப்ரஷன் எடுங்கள்: என்ஜின் சூடாக, மூன்று பிளக்கும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி. ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எடுத்தால் கேஜ் குறைவாகத்தான் காட்டும்; வீணாகக் கவலைப்படுவீர்கள். மூன்று சிலிண்டருக்கும் இடையே 15 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

ஒரு சிலிண்டர் குறைவாகக் காட்டினால் டாப்பெட் இடைவெளியை அளந்துவிட்டு மற்றதை யோசியுங்கள். வால்வு சீட்டைக் கடைந்தபின் வால்வு கொஞ்சம் உள்ளே போய் உட்காரும்; அதன் காம்பு அந்த அளவு மேலே எழும். பழைய இடைவெளி அப்படியே இருக்கும் என்று நம்பிப் பூட்டினால், சூடானதும் வால்வு முழுக்க மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு அப்படித் திறந்தே ஓடினால் கருகிவிடும். டாப்பெட் சரியாக இருந்தும் கம்ப்ரஷன் குறைவு என்றால் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைவாகக் காட்டினால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்கிறது.

மூன்றிலும் கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் ஐடிலிங் நிற்கவில்லை என்றால் கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட், வேக்குவம் ஹோஸ்கள் இவற்றில் காற்று புகுகிறது. மூன்றிலும் ஒரே அளவு குறைவு, பிக்கப்பும் இல்லை என்றால் டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளியிருக்கிறது.

சத்தம்

சத்தத்தை முதலில் வேகத்தால் பிரியுங்கள். கேம் ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. மேலே வால்வு பக்கம் வரும் டிக் டிக் அதனால் நிதானமாக இருக்கும். டைமிங் லைட்டை முதல் சிலிண்டர் வயரில் மாட்டினால் ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு டிக். கீழிருந்து வருவது மின்னலுக்கு இரண்டு தட்டு.

டிக் டிக் என்றால் டாப்பெட். அளந்து சரிசெய்யுங்கள், அவ்வளவுதான்.

குளிரில் மட்டும் டொக் டொக் என்று கேட்டு, சூடானதும் மறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் ஆடுகிறது. லேசாக இருந்தால் ஓட்டலாம். ரீபோர் செய்த புது என்ஜினில் பலமாகக் கேட்டால் போர் பெரிதாகப் போய்விட்டது, அல்லது பிஸ்டனின் அம்புக்குறி பின்பக்கம் பார்த்தபடி போடப்பட்டிருக்கிறது. பிஸ்டன் பின் நட்டநடுவில் இல்லாமல் சற்றே ஒரு பக்கம் ஒதுங்கி இருப்பதே இந்தத் தட்டலைத் தவிர்க்கத்தான். திருப்பிப் போட்டால் பலன் எதிராகிவிடும். இதற்காகத்தான் ரீபோருக்குப் பிளாக்கை மட்டும் கொடுத்துவிட்டு வரக் கூடாது. புதுப் பிஸ்டனையும் சேர்த்துக் கொடுத்து, அந்தப் பிஸ்டனை அளந்து போரைக் கடையச் சொல்ல வேண்டும்.

2000 ஆர்பிஎம் வாக்கில் வைத்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடும்போது கடகடவென்று கேட்பது பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் இடத்திலுள்ளது). பிளக் வயரை ஒவ்வொன்றாக எர்த் செய்தால், கோளாறுள்ள சிலிண்டருக்கு வரும்போது சத்தம் குறையும். மெயின் பேரிங் என்றால் பாரம் ஏறும்போது தரையிலிருந்து வருவது போன்ற ஆழமான அடி. ஒரு சிலிண்டரை நிறுத்தினால் பெரிய மாற்றம் இருக்காது. இந்த இரண்டில் எது கேட்டாலும் அங்கேயே சாவியைத் திருப்பி நிறுத்துங்கள். பட்டறை வரைக்கும் ஓட்டிப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். சம்ப்பைக் கழற்றி அந்தக் கேப்பை எடுத்துப் பார்த்தால், இன்று ஒரு செட் பேரிங்கோடு முடியும் வேலை. ஓட்டிப் போனால் கிராங்க்கும் சேர்ந்து போகும்.

மேடு ஏறும்போது சலங்கை மாதிரி மெல்லிய சத்தம் வந்தால் அது பேரிங் அல்ல, இக்னிஷன் டைமிங் முந்தியிருக்கிறது. ஹெட்டை ஸ்கிம் செய்த (அடிப்பரப்பை மெல்லச் சீவிச் சமன்செய்த) என்ஜினில் கம்ப்ரஷன் கூடியிருப்பதால் இது சுலபமாக வரும். டைமிங் லைட் வைத்துப் பின்தள்ளுங்கள்.

புகை

முதல் அரை மணி நேரப் புகையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பூட்டும்போது தடவிய எண்ணெய் சைலன்சருக்குள் கிடந்து எரிந்துகொண்டிருக்கும்.

அதன் பிறகும் நீலப்புகை வந்தால் எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை தள்ளி அப்புறம் நின்றுவிட்டால் வால்வு ஸ்டெம் சீல். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு வந்து மறுபடி மிதிக்கும்போது தள்ளினால் சீல் அல்லது வால்வு கைடு. சீலை ஹெட்டைக் கழற்றாமலே மாற்ற முடியும். மிதிக்க மிதிக்கப் புகை கூடுகிறது, ஆயில் கேப்பைத் திறந்தால் அங்கேயும் புகை வருகிறது என்றால் ரிங்.

புது ரிங் புகைத்தால் உடனே பிரிக்கத் தேவையில்லை. ரிங் போரில் படிய 500 முதல் 1000 கிலோமீட்டர் ஆகலாம். ஆனால் எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புது என்ஜினை மணிக்கணக்கில் ஐடிலிங்கில் விடுவதும், ஆயிரம் கிலோமீட்டர் வரை நாற்பதைத் தாண்டாமல் உருட்டுவதும் நம் பட்டறைகளில் பழக்கம். இதை நான் ஏற்கவில்லை. ரிங்கைப் போரோடு அழுத்துவது அதன் ஸ்பிரிங் விசை மட்டுமல்ல. மேலிருந்து வரும் எரிவாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்னால் புகுந்துதான் அதை வெளியே தள்ளுகிறது. பாரமே கொடுக்காவிட்டால் அந்த அழுத்தம் வராது. ஹோனிங் கோடுகளின் (கடைந்த போரில் கல்லால் தேய்த்து இடும் நுண்ணிய குறுக்குக் கோடுகள்) முனைகள் ரிங்கால் சீராகத் தேயாமல், எண்ணெய் எரிந்து கண்ணாடிப் பூச்சாகப் படிந்துவிடும். அதன்பின் எத்தனை ஓட்டினாலும் ரிங் படியாது. என்ஜின் சூடானதும் காலியான சாலையில் மூன்றாவது கியரில் நாற்பதிலிருந்து அறுபது வரை நன்றாக மிதித்து ஏற்றி, காலை எடுத்துத் தானாக இறங்கவிடுங்கள். மறுபடி, மறுபடி. உச்ச வேகத்துக்கு விரட்டவும் வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போகவும் வேண்டாம்.

ஆயிரம் தாண்டியும் புகை குறையவில்லை, கம்ப்ரஷனும் குறைவு என்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும். பார்க்க வேண்டியவை: ரிங்கின் குறியிட்ட முகம் மேல்நோக்கி இருக்கிறதா? இரண்டாவது ரிங்கைக் கவிழ்த்துப் போட்டால் எண்ணெயைக் கீழே வழிப்பதற்குப் பதில் மேலே அள்ளித் தரும். ரிங் வாய்கள் ஒன்றுக்குமேல் ஒன்று நேராக வந்திருக்கின்றனவா? ஆயில் ரிங்கின் நடு ஸ்பிரிங் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றனவா? போரில் நெடுக்குக் கீறல்கள் தெரிந்தால், ஹோனிங் தூளைச் சரியாகக் கழுவவில்லை. பெட்ரோலோ டீசலோ அந்தத் தூளை அகற்றாது, பரப்பிவிடும். சோப்பு போட்ட வெந்நீரும் பிரஷும்தான் வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்கும்வரை தேய்த்து, உடனே எண்ணெய் பூச வேண்டும். வெறும் வார்ப்பிரும்பு நிமிடங்களில் துருப்பிடிக்கும்.

கரும்புகை என்றால் சோக் மூடியபடி நிற்கிறது அல்லது கார்புரேட்டர் ஃப்ளோட் மட்டம் அதிகம். என்ஜினுக்குள் போகத் தேவையில்லை. வெண்புகை காலையில் கொஞ்ச நேரம் வருவது வெறும் நீராவி. சூடான பிறகும் தொடர்ந்து, கூலண்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்.

சூடாகிறது

புது என்ஜின் இறுக்கமாக இருப்பதால் பழையதைவிடக் கொஞ்சம் சூடாக ஓடும். மீட்டர் முள் ஏறிக்கொண்டே போனால் முதலில் காற்றடைப்பைப் பாருங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வண்டியின் மூக்கைச் சற்றே உயர்த்தி, ஹீட்டர் குமிழைச் சூட்டில் வைத்து, ஐடிலிங்கில் விட்டுக் குமிழி நிற்கும்வரை கூலண்ட் ஊற்றுங்கள்.

குமிழி நிற்கவே இல்லை, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்னும் வேகமாக வருகிறது என்றால் அது காற்றல்ல, சிலிண்டரிலிருந்து வரும் எரிவாயு. கேஸ்கெட் போயிருக்கிறது, அல்லது ஹெட் வளைந்திருக்கிறது. ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்விளிம்பு வைத்து, குறுக்கும் மூலைவிட்டமுமாகப் பார்த்தால் 0.05 மி.மீ. ஃபீலர் எங்கேயும் நுழையக் கூடாது. போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையில் இறுக்கினீர்களா? போல்ட் துளைக்குள் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் டார்க் ரெஞ்ச் கிளிக் என்று சொல்லும், ஹெட் இறுகியிருக்காது.

குமிழி இல்லாமல் சூடானால் தெர்மோஸ்டாட், ஃபேன் ஸ்விட்ச், ஃபேன் சுற்றும் திசை. ஃபேன் வயரை மாற்றிச் செருகினால் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருக்கும். பார்த்தால் ஓடுவது போலத்தான் தெரியும். கடைசியாக ரேடியேட்டர். போர்வெல் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி என்றால் உள்ளே உப்புப் படிந்து அடைத்திருக்கும். புது என்ஜினோடு அந்தப் பழைய ரேடியேட்டரை அப்படியே மாட்டாதீர்கள். கூலண்ட் கலக்கவும் வடிகட்டிய நீரையே பயன்படுத்துங்கள்.

கசிவு

கிளட்ச் ஹவுசிங் அடியில் சொட்டினால் கிராங்க்கின் பின்பக்கச் சீல் என்று பதறி கியர்பாக்ஸை இறக்கிவிடாதீர்கள். வால்வு கவரிலிருந்தோ டிஸ்ட்ரிபியூட்டர் கியர் கேஸிலிருந்தோ வழிவதும் அங்கேதான் வந்து சொட்டும். என்ஜினை நன்றாகத் துடைத்து, முகப் பவுடரைத் தூவிவிட்டுப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ஈரம் எங்கே தொடங்குகிறது என்று பவுடரில் தெரிந்துவிடும்.

சம்ப் ஓரத்தில் கசிந்தால் இன்னும் அதிகமாகச் சிலிக்கோன் பூசுவது தீர்வல்ல. வெளியே பிதுங்குவது போலவே உள்ளேயும் பிதுங்கும். பிதுங்கியது அறுந்து ஸ்ட்ரெய்னருக்குப் போகும். சம்ப் விளிம்பு பழைய இறுக்கத்தால் போல்ட் துளைகளைச் சுற்றிக் குழிந்திருக்கும். அதைக் கட்டையில் வைத்துத் தட்டி நேராக்கிவிட்டு, மெல்லிய ஒரே கோடாகப் பசை வைத்தால் போதும்.

முதல் ஆயிலையும் ஃபில்டரையும் 500 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள். இறக்கிய ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வெயிலில் வைத்துப் பாருங்கள். மிக நுண்ணிய சாம்பல் மினுமினுப்பு ரிங் படிவதால் வருவது. விரலில் உறுத்தும் துகளோ, செம்பு நிறச் சில்லோ இருந்தால் சம்ப்பைக் கழற்றிப் பேரிங்கைப் பாருங்கள், சத்தம் எதுவும் கேட்காவிட்டாலும். ஆயிரத்தில் டாப்பெட் இடைவெளியை இன்னொரு முறை, என்ஜின் குளிர்ந்த நிலையில், அளந்துகொள்ளுங்கள். புது சீட்டில் வால்வு இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.